இடக் கன்னத்து மச்சம்

வெர்நுவா கிராமம், மோர்வான் மலை
6 பிப்ரவரி 1838

அண்ணன் இலேருக்கு, உறைந்துபோன விரல்களால்:

வந்து சேர்ந்துவிட்டேன். முழுசாக என்று சொல்ல முடியாது. தபால் வண்டியில் இரண்டு நாள், கழுதை வண்டியில் அரை நாள் குலுங்கியதில் என் எலும்புகளில் சில இன்னும் வழியில்தான் வந்துகொண்டிருக்கின்றன. அச்சுப் படங்களுக்கு வண்ணம் பூசும் மேசையிலிருந்து என்னைத் துரத்தியபோது முதலாளி, “உன்னையெல்லாம் காட்டுக்குத்தான் அனுப்பணும்” என்றார். வாக்கு பலித்துவிட்டதென்று சொல்லிவிடு. ‘தாத்தாவின் ஆசீர்வாதம்’ படத்தில் நாற்பது தாளுக்குத் தாத்தாவின் மூக்கைத்தான் சிவப்பாக்கினேன். முதலாளியின் முகம் முழுக்கச் சிவந்துவிட்டது. எனக்குக் கொடுத்த சிவப்பைவிட அது நல்ல சிவப்பு.

சரி, நீ இந்த இடத்தைத்தான் தேடியிருப்பாய்: உன் மகள் லியோந்தின் உயிரோடு இருக்கிறாள். அண்ணிக்கு முதலில் இந்த வரியைப் படித்துக் காட்டு. படுக்கையிலிருந்து எழுந்திருக்க வேண்டாம் என்றும் சொல்.

பிள்ளையைத் தலை முதல் கால் வரை துணியில் சுற்றி, குல்லாவை மூக்கு வரை இழுத்துவிட்டிருக்கிறாள் லசாரெத். பெரிய உருவம், சின்னப் பேச்சு. எட்டு மாதமாக நம் பிள்ளைக்குப் பால் கொடுக்கிறவள் கொஞ்சம் சிரிப்பாள் என்று நினைத்தேன். வாசலில் நின்ற என்னைப் பேய் வந்த மாதிரி பார்த்தாள்.

“கிறிஸ்துமஸுக்கு அப்புறம் ஏன் ஒரு கடிதம்கூட இல்லை?” என்றேன்.

“எனக்கு எழுதத் தெரியாது.”

“பாதிரியார்தானே எழுதிக் குடுப்பாரு?”

“அவருக்கு வேலை.”

“உங்க புள்ளை எங்க? லியோந்தினுக்கு ஒரு மாசம் மூத்தவ இல்ல?”

“அக்கா வீட்டுல.”

அவ்வளவுதான். புருஷன் விறகுக் கட்டைகளை ஆற்றில் மிதக்கவிட்டுப் பாரிஸுக்கு அனுப்பும் வேலைக்குப் போயிருக்கிறானாம், வசந்தத்தில்தான் வருவானாம். என்னைப் பிள்ளையோடு தனியாக விட மாட்டேன் என்கிறாள். நான் தூக்கினால் குல்லாவைப் பிடித்துக்கொண்டு கூடவே நிற்கிறாள். “குளிரு” என்கிறாள். குளிருக்கு இவ்வளவு காவலா?

நாளை எழுதுகிறேன். பன்றிக் கொழுப்பில் சுட்ட அடை கொடுத்தாள். அடை நன்றாக இருந்தது, அவள் முகம்தான் அடைத்தே இருக்கிறது.

சிதோனி

*

வெர்நுவா
8 பிப்ரவரி

அண்ணா,

இது விளையாட்டில்லை. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

இன்று அவள் ஆட்டுக்குத் தண்ணீர் வைக்கப் போன நேரம் பிள்ளையின் குல்லாவைக் கழற்றினேன். மச்சம் இருக்கிறது. பயறு அளவு, அதே பழுப்பு. ஆனால் வலது கன்னத்தில்.

அண்ணி என் மூட்டையில் வைத்து அனுப்பிய அச்சுப் படத்தை எடுத்துக்கொண்டு ஆட்டுக் கொட்டிலுக்கு ஓடினேன். நீ வரைந்த ‘அம்மாவின் பொக்கிஷம்’தான், பிள்ளையை இங்கே பாலுக்கு அனுப்புவதற்கு முந்தின நாள் வரைந்தாயே, அது. படத்தில் அண்ணி மடியில் லியோந்தின் நம்மைப் பார்க்கிறாள். மச்சம் அவளுடைய இடது கன்னத்தில், காதுக்குக் கீழே. என் கன்னத்தில் கைவைத்து, நானே லியோந்தினாக உட்கார்ந்து, இரண்டு தடவை சரிபார்த்தேன். இடதுதான். ஆடு என்னைப் பார்த்தது.

இன்னொன்று. அவளுக்கு அக்கா யாரும் கிடையாது. வந்த அன்று, ‘கூடப் பிறந்தவங்க உண்டா’ என்று கேட்டதற்கு, “நான் ஒத்தை மரம்” என்றாள். ஒத்தை மரத்துக்கு எங்கிருந்து அக்கா முளைத்தாள்? பரணில் ஒரு தொட்டில் கவிழ்ந்து கிடக்கிறது. அதன்மேல் இன்னும் தூசிகூட சேரவில்லை.

இரண்டு பிள்ளைகள் இருந்த வீட்டில் ஒன்றுதான் இருக்கிறது. எது அது? எனக்கு அடுத்த வரி எழுத வரவில்லை. நீயே யோசித்துக்கொள். இல்லை, யோசிக்காதே. உடனே பதில் எழுது.

சிதோனி

*

பாரிஸ், சேன்-ழாக் தெரு
11 பிப்ரவரி

சிதோனி,

உன் இரண்டு கடிதமும் வந்தன. இரண்டாவதை அச்சகத்தின் படிக்கட்டில் நின்று படித்தேன், அடெல் கண்ணில் படக்கூடாதென்று.

போன வருஷம், நான் படம் வரைந்து அச்சிடும் கல் இரண்டாகப் பிளந்துவிட்டது என்று கத்தி என்னை ஐந்து மாடி இறங்கி ஓட வைத்தாய். கீழே போனால் கல் முழுசாக இருந்தது, நீதான் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தாய். அதை மன்னித்தேன். இதை மன்னிக்க மாட்டேன். பிள்ளை பெற்றதிலிருந்து காய்ச்சலில் கிடக்கிறவள் வீட்டுக்கு இப்படி ஒரு விளையாட்டா?

வலது இடது மாறிவிட்டதோ என்று என்னிடம் கேட்காதே. கல்லில் எதை வரைந்தாலும் அச்சில் கண்ணாடியில் பார்ப்பதுபோலத் திரும்பி விழும் என்பது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதனால்தான் முதலில் தாளில் வரைந்து, மெல்லிய தாளில் தடம் எடுத்து, அதைக் கவிழ்த்துக் கல்லில் ஏற்றுகிறேன். அப்போதுதான் நேராக விழும். பதினோரு வருஷத்தில் ஒருநாளும் கவிழ்க்க மறந்ததில்லை. அந்தப் படத்தில் நாற்காலியும் திரையும் யார் வீட்டுடையதும் இல்லை, வாங்குகிறவர்கள் ஆசைக்கு வரைந்தவை. பிள்ளை மட்டும் நம் பிள்ளை. மச்சம் இடது கன்னத்தில்தான்.

ஆகவே நீ சொல்வது பொய். பொய் என்று ஒரே ஒரு வரி எழுதி அனுப்பு. திட்ட மாட்டேன்.

12ஆம் தேதி, காலை

கடிதத்தை நேற்று அனுப்பவில்லை. ராத்திரி அடெலிடம், பேச்சோடு பேச்சாக, “லியோந்தினுக்கு மச்சம் எந்தக் கன்னம்?” என்று கேட்டேன்.

“இடது. ஏன்?”

“சும்மாதான்.”

“பெத்தவளுக்கு மறக்குமா? நீங்கதான் மறந்துட்டீங்க” என்று சிரித்தாள். எட்டு மாதத்தில் அவள் சிரித்து நான் பார்த்தது மூன்றாவது தடவை.

பெற்றவள் சொல்கிறாள். நான் வரைந்திருக்கிறேன். நீ பொய் சொல்லவில்லை என்றால்…

ஒன்று செய். பிள்ளையின் குல்லாவைக் கழற்றி, வெளிச்சத்தில் வைத்து, முகத்தை நேராகப் பார்த்து வரை. உனக்கு வரைய வராது, பரவாயில்லை. அழகாக்காதே. எது எந்தப் பக்கம் இருக்கிறதோ அப்படியே. படத்தில் இருக்கும் அதே அளவில். உன் சொல்லை நம்ப எனக்குத் தைரியம் இல்லை, நம்பாமலிருக்கவும் இல்லை. அவளிடம் மட்டும் ஒரு வார்த்தை கேட்டுவிடாதே.

இலேர்

*

வெர்நுவா
15 பிப்ரவரி

அண்ணா,

பொய் என்று ஒரு வரி எழுத முடிந்திருந்தால் ஓடி வந்து எழுதியிருப்பேன்.

படத்தை இதோடு வைத்திருக்கிறேன். மூக்கு உருளைக்கிழங்கு மாதிரி வந்துவிட்டது, அதைப் பொருட்படுத்தாதே. மற்றதெல்லாம் உள்ளது உள்ளபடி. மச்சம் மட்டுமில்லை அண்ணா. உன் படத்தில் இடக் காதின் மேல்நுனி மடிந்திருக்கிறது. இவளுக்கு இடக் காது நேராக இருக்கிறது. நெற்றிச் சுழி, மோவாய்க் குழி, எதுவுமே உன் படத்தில் உள்ள இடத்தில் இல்லை. பதினோரு வருஷத்தில் நீ ஒருநாளும் கவிழ்க்க மறந்ததில்லை. அப்படியென்றால் இது வேறு பிள்ளை.

என்னைக் கேட்டால் எனக்கு ஞாபகமே இல்லை என்பதுதான் உண்மை. பிறந்ததிலிருந்து பாலுக்கு அனுப்பும் வரை அந்த நாலு நாளும் அவளைக் குளிப்பாட்டியது நான். ஆனால் அதற்கப்புறம் அறுநூறு தாளில், அறுநூறு தடவை, நனைத்த தூரிகையின் நுனியால் இடது கன்னத்தில் அந்தப் பழுப்புப் பொட்டை வைத்திருக்கிறேன். கண்ணை மூடினால் நான் குளிப்பாட்டிய பிள்ளை வரவில்லை, தாள்தான் வருகிறது. அண்ணியும் அப்படித்தானோ? அச்சு வேலை செய்கிற குடும்பத்தில் கடைசியில் அச்சம்தான் மிஞ்சும்போலிருக்கிறது. சிரிப்பு வரவில்லை, எனக்கும்தான்.

நான் வரைவதை அவள் பார்த்துவிட்டாள். வாசலை அடைத்துக்கொண்டு நின்றாள்.

“என்னத்துக்கு புள்ளைய அளவெடுக்கற? சவப்பெட்டிக்கா?”

ஒரு வார்த்தை கேட்காதே என்று நீ எழுதியிருந்தாய். கேட்டுவிட்டேன்.

“உங்க புள்ளை எங்க? நிஜத்தைச் சொல்லுங்க.”

“சொன்னேனே.”

“உங்களுக்கு அக்காவே கிடையாது. செத்தது யாரு? உங்க புள்ளையா, எங்க புள்ளையா?”

அடிப்பாள் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. பிள்ளையைத் தூக்கி மார்போடு வைத்துக்கொண்டு, கதவுக்கு முதுகைக் கொடுத்து உட்கார்ந்துவிட்டாள். இருட்டும் வரை எழுந்திருக்கவே இல்லை. அடுப்பு அணைந்துபோனது.

இன்று காலை பாதிரியாரிடம் போனேன். ஜனவரி ஒன்பதாம் தேதி அந்த வீட்டிலிருந்து ஒரு பெண் பிள்ளையைப் புதைத்தாராம். “பாவம், அவ புள்ளை. தொண்டை அடைச்சு மூணே நாள்” என்றார். “அவ புள்ளைதானா, சாமி? பார்த்தீங்களா?” என்று கேட்டேன். “மூடின பெட்டியம்மா. பெத்தவ சொல்றா, நான் வேறென்ன கேக்கறது?” என்றார்.

மூடின பெட்டி, அண்ணா.

நேற்று ராத்திரியிலிருந்து அவள் துணிமணிகளை மூட்டை கட்டுகிறாள். எங்கே என்று கேட்டால் பதில் இல்லை. காட்டுக்குள் போய்விட்டால் இவளை யார் தேடிப் பிடிப்பது? இது நம் பிள்ளையோ இல்லையோ, நம்மிடம் இருக்கிற ஒரே பிள்ளை இதுதான். பதிலுக்குக் காத்திருக்க எவ்வளவு நாள் முடியுமோ தெரியவில்லை.

சிதோனி

*

பாரிஸ்
18 பிப்ரவரி, ஞாயிறு

சிதோனி, இந்தக் கடிதம் பறந்து வர வேண்டும்.

அது லியோந்தின். நம் லியோந்தின்தான். கேட்கிறதா? நம் பிள்ளை உயிரோடு இருக்கிறாள்.

உன் படத்தை நேற்று சாயங்காலம் பிரித்தேன். மேசையில் உன் தாளையும் அச்சுப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். நீ சொன்னதுபோல எதுவும் பொருந்தவில்லை. வேறு பிள்ளையென்றால் ஒன்றிரண்டாவது தற்செயலாகப் பொருந்த வேண்டாமா என்று தோன்றியது. எல்லாமேவா மாறியிருக்கும்? ஒன்று பாக்கியில்லாமலா?

உன் தாளைக் கவிழ்த்தேன். இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஜன்னல் கண்ணாடியில் அழுத்திப் பிடித்தேன். மச்சத்தின்மேல் மச்சம் உட்கார்ந்தது. மடிந்த காதின்மேல் மடிந்த காது. சுழி, மோவாய்க் குழி, எல்லாம். உருளைக்கிழங்கு மூக்கைத் தவிர ஒரு கோடு விலகவில்லை.

கவிழ்க்காதவன் நான்தான். தாளே இல்லை, சிதோனி; அன்று தாளில் வரையவே இல்லை. மறுநாள் விடியற்காலை பாலுக்கு அனுப்பும் பிள்ளைகளை ஏற்றிப் போகும் வண்டி வருகிறது, முதலாளி கல்லைக் கேட்டு ஆள் மேல் ஆள் அனுப்புகிறார். நேராகக் கல்லை மடியில் வைத்துக்கொண்டு, கண்ணால் கண்டதைக் கண்டபடி வரைந்திருக்கிறேன். அடெல் அழுதுகொண்டிருந்தாள். “முகத்தைக் கொஞ்சம் சிரிச்ச மாதிரி வை” என்று சொன்னேன். அந்த நாளில் எனக்கு இப்போது நினைவிருப்பது அது ஒன்றுதான். நாளைக்கு யாரோ ஒருத்தியிடம் பிள்ளையைக் கொடுக்கப் போகிறவளை, பிள்ளையை மடியைவிட்டு இறக்காத தாயாக உட்காரவைத்து, சிரி என்றேன்.

ஜன்னலில் நின்றவனை அடெல் பார்த்துவிட்டாள். எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவாள் என்று பார்த்தேன். சுவரிலிருந்த படத்தின் முன்னால் போய் நின்றாள். இடது கன்னத்தில், தினமும் முத்தமிட்ட இடத்தில், தாள் நைந்திருக்கிறது. “அப்ப எட்டு மாசமா நான் யாருக்கு முத்தம் குடுத்துட்டிருந்தேன்?” என்றாள்.

செத்தது லசாரெத்தின் பிள்ளை. அவள் ஏன் மறைத்தாள் என்று அடெல்தான் சொன்னாள்: சொந்தப் பிள்ளை செத்தால், பாலில் விஷம் என்று சொல்லி, வளர்க்கக் கொடுத்த பிள்ளையையும் பிடுங்கிக்கொள்வார்கள். பாதிரியார் கடிதம் எழுதினால் அதையும் எழுதிவிடுவார். அதனால்தான் கடிதமே இல்லை.

அவளிடம் போய் மன்னிப்புக் கேள். என் பெயரைச் சொல்லியும் கேள். மூட்டை கட்டுகிறாள் என்றாயே, பயந்திருக்கிறாள். எதையும் அவசரப்பட்டுச் செய்துவிடாதே. அவளிடமிருந்து பிள்ளையைப் பிரிக்காதே. இன்னும் பால் மறக்காத பிள்ளை.

இலேர்

*

அவலோன் சாலை, விடுதி
21 பிப்ரவரி, புதன், நண்பகல்

அண்ணா,

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

விடியற்காலை அவள் ஆட்டுக் கொட்டிலில் இருந்தாள். மூட்டை வாசலில் தயாராக இருந்தது. இன்றைக்கு விட்டால் போய்விடுவாள் என்று தோன்றியது. பிள்ளையை என் மேலங்கிக்குள் போட்டுக்கொண்டு பின்வாசல் வழியாக ஓடினேன். முட்டி அளவு பனி. நாலு மணி நேரம் நடந்தேன்.

முதல் ஒரு மணி நேரம் கத்தினாள். யாராவது கேட்டுவிடுவார்களோ என்று பயந்தேன். இப்போது கத்தினால் போதும் என்றிருக்கிறது. விடுதிக்காரி ஆட்டுப்பாலில் துணியை நனைத்துக் கொடுத்தாள். பிள்ளை துப்பிவிட்டாள். கரண்டியில் கொடுத்தோம். வாயைத் திறக்கவே இல்லை. விரலை வைத்தால் சப்பவும் இல்லை. கண்ணைத் திறந்து என்னைப் பார்க்கிறாள், அவ்வளவுதான். விடுதிக்காரி, “இது தாய்ப்பால் புள்ளைம்மா, அவ இல்லாம எடுக்காது. அவ எங்க?” என்று கேட்கிறாள்.

உதடு வெளுத்துக்கொண்டு வருகிறது. எனக்கு வண்ணம் தெரியும், அண்ணா. இது எந்தக் கிண்ணத்திலும் இல்லாத வண்ணம். பாரிஸ் வண்டி நாளைக் காலைதான். திரும்பி நாலு மணி நேரம் நடந்தால் வழியிலேயே ஏதாவது ஆகிவிடும். நடக்காவிட்டால் இங்கேயே. யார் பிள்ளையாக இருந்தாலும் நான்தான்

மாலை ஐந்து மணி

மேலே அந்த வரியைப் பாதியில் விட்டேன், கதவு திறந்தது. லசாரெத்.

மரச்செருப்பில் ஒன்று இல்லை, பனியில் எங்கோ போயிருக்கிறது. இடுப்புக்குக் கீழே நனைந்திருந்தாள். சட்டையின் முன்பக்கமும் நனைந்திருந்தது, அது பனி இல்லை. பிள்ளையைப் பிடுங்கினாள், அடுப்புப் பக்கம் உட்கார்ந்தாள், பொத்தானைப் பிய்த்தாள். முதலில் வாய் வைக்கவில்லை. “எடுறி. எடுறி என் கழுதை” என்று கன்னத்தில் தட்டினாள். விடுதியில் வண்டிக்காரர்கள் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். ஒருவன் எழுந்து அடுப்பில் விறகு போட்டான்.

எடுத்துக்கொண்டாள், அண்ணா. விழுங்கும் சத்தம் எனக்குக் கேட்டது.

அதற்கப்புறம்தான் லசாரெத் என்னைப் பார்த்தாள். “இடுப்புல ஒரு தாள் வெச்சிருக்கேன், எடு. நீ போன கொஞ்ச நேரத்துல தபால்காரன் குடுத்தான். எனக்குப் படிக்க வராது. புள்ளையப் பத்தி ஏதாச்சும் அவசரமா இருந்தா?” என்றாள். உன் கடிதம். அவள் உடம்பு ஈரத்தில் எழுத்து கலைந்திருந்தது, ஆனாலும் படிக்க முடிந்தது. படித்து முடித்தேன்.

“மன்னிச்சுக்குங்க” என்றேன். உன் பெயரைச் சொல்லியும் கேட்டேன்.

“மூட்டை எதுக்குக் கட்டினேன்னு நினைச்ச? பாரிஸுக்குத்தான். அவளைப் பெத்தவ கையில நேர்ல குடுத்துட்டு, நடந்ததைச் சொல்லிட்டு வரலாம்னு. எம் புள்ளை குளிருலதான் போச்சு, அதான் இவ குல்லாவ விடல. உங்கிட்ட சொன்னா, எம் பாலு விஷம்னு புள்ளைய அன்னிக்கே பிடுங்கியிருப்ப.”

“நான்தான் இன்னிக்கே பிடுங்கிட்டேனே.”

“ஆமா. கெட்டிக்காரி” என்றாள். அது பாராட்டு இல்லை என்று உனக்குப் புரியும்.

உன் தப்பை விளக்க அச்சுப் படத்தை விரித்துக் காட்டினேன். அவள் மடியில் பிள்ளை தூங்கிப்போயிருந்தது. வெகுநேரம் பார்த்தாள்.

“இந்தம்மாதான் பெத்தவளா?”

“ஆமா.”

“நாற்காலி நல்லாருக்கு.”

“அது யார் வீட்டுதும் இல்ல. ஆசைக்குப் போட்டது.”

“புள்ளைக்குப் பால் குடுக்கற மாதிரி இருக்கு.”

தாளை அடுப்பு வெளிச்சத்துக்குத் திருப்பினாள்.

“அப்ப நான் எங்க?” என்றாள்.

கோபமாகக் கேட்கவில்லை. தாளை ஓரம்வரை பார்த்துவிட்டு, நிஜமாகவே தேடிவிட்டுத்தான் கேட்டாள். நான் தாளை மடித்து மூட்டைக்குள் வைத்தேன்.

இந்தக் கடிதம் ராத்திரித் தபாலில் எங்களுக்கு முன்னால் வந்துவிடும். பிள்ளை தேறட்டும் என்று நாளை வண்டியை விட்டுவிட்டோம்; சனிக்கிழமை ஏறி, திங்கட்கிழமை காலை வந்து இறங்குவோம். இரண்டு பேர் இல்லை, மூன்று பேர். அண்ணியிடம் இதை நீயே உட்கார்ந்து சொல். லியோந்தின் நலம், உதடு பழையபடி ஆகிவிட்டது. ஆனால் அவளை லசாரெத்தின் கையிலிருந்து யார் வாங்கினாலும் அழுகிறாள், நான் வாங்கிப் பார்த்தேன். அண்ணி கையை நீட்டும்போதும் அழுவாள். முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அந்த நிமிஷத்தை நினைத்தால், பனியில் நடந்தபோது இருந்ததைவிட எனக்கு இப்போது அதிகம் பயமாக இருக்கிறது.

அண்ணி அழட்டும். நீ பக்கத்தில் நின்றுகொண்டு சிரிக்கச் சொல்லாதே.

சிதோனி